பனம்பு மடத்து அன்னை

நுழையும்முன்

சிறுமியர் பள்ளிக்குச் செல்வது இன்று இயல்பான செயல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை அவ்வாறு இல்லை. மூங்கில் பாய்களால் அமைந்த எளிய இல்லத்தில் துறவு வாழ்வைத் தொடங்கிய பெண் ஒருவர், கொச்சிக்கு அருகிலுள்ள ஊரில் சிறுமியர்க்கெனப் பள்ளி கண்டார். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் படித்தறிவோம்.

மட்டாஞ்சேரியின் காலைப்பொழுது

கொச்சி மாநகரின் மேற்குப் பகுதியில் மட்டாஞ்சேரி அமைந்துள்ளது. அங்குள்ள பழமையான குடியிருப்புகளுள் ஒன்று கொச்சங்காடி. 1344-ஆம் ஆண்டில் யூதர்கள் தங்களுக்கெனத் தொழுகைக்கூடம் ஒன்றை இங்கு எழுப்பினர். அக்கூடம் இன்று இல்லை. எனினும் அதன் கல்வெட்டு, மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. செம்பிட்டபள்ளி என்னும் பழைய பள்ளிவாசலும் கொச்சங்காடியில் உள்ளது. மிளகும் இஞ்சியும் ஏலமும் விற்கப்பட்ட இப்பகுதிக்கு வணிகத்தை நாடியும் உழைப்பை நம்பியும் பல மொழியினர் வந்து குடியேறினர். தமிழரும் அவ்வாறு வந்தவர்களே.

காலைப்பொழுதில் இத்தெருக்களில் சீருடை அணிந்த சிறுமியர் பள்ளிக்குச் செல்வதைக் காணலாம். வீட்டில் அவர்கள் பேசும் மொழி வேறு. வணங்கும் முறை வேறு. செல்லும் இடம் மட்டும் ஒன்றே. கொச்சியில் பெண்களுக்கென அமைந்த பழமையான பள்ளிகள் பல, கத்தோலிக்கப் பெண் துறவியர் வாழும் கன்னியர் மடங்களைச் சார்ந்தவை. மக்கள் அவற்றைக் கான்வென்ட் பள்ளிகள் என்று அழைக்கின்றனர்.

இத்தகைய பள்ளிகளை நிறுவியவர்கள் அயல்நாட்டுத் துறவியர் மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. கேரளத்தில் இப்பணிக்கு வழிகாட்டிய முன்னோடி, இம்மண்ணில் பிறந்த ஓர் இளம் கைம்பெண். அவர் பெயர் எலீஸ்வா. அவர் பிறந்த ஊரைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொச்சிக் கோட்டைப் பகுதியிலிருந்து படகில் ஏறிக் கடற்கழியைக் கடந்தால், சில நிமிடங்களில் வைப்பின் தீவை அடையலாம்.

தீவில் பிறந்த மூத்த மகள்

வைப்பின் தீவில் உள்ள ஓச்சந்துருத்து என்னும் ஊரில் 1831-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் எலீஸ்வா பிறந்தார். தந்தையார் தொம்மன், தாயார் தாண்டா. எட்டுக் குழந்தைகளுள் எலீஸ்வாவே மூத்தவர். வசதியும் இறைப்பற்றும் உடைய குடும்பம் அது.

அக்காலத்தில் ஊர்தோறும் ஆசான்மார் நடத்திய எழுத்துப் பள்ளிகள் இருந்தன. மாணவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவர். பின்னர்ப் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவர். அப்பள்ளிகளில் சிறுவர்களே மிகுதியாகப் பயின்றனர். பெரும்பாலான சிறுமியர்க்கு அடுப்பங்கரையே பள்ளியாக இருந்தது. பதினைந்து அல்லது பதினாறு வயதிற்குள் திருமணம் நடந்துவிடும். எழுத்தறிவு பெண்களுக்குத் தேவையற்றது என்னும் எண்ணம் சமூகத்தில் வேரூன்றியிருந்தது.

மாற்றத்தின் அறிகுறிகள் தென்னாட்டில் ஆங்காங்கே தோன்றின. 1819-ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் சீர்திருத்தக் கிறித்தவச் சபையினர் சிறுமியர்க்கென விடுதிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். 1842-ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டிலிருந்து வந்த பிரசென்டேசன் சபைத் துறவியர் சென்னையில் கல்விப் பணியை மேற்கொண்டனர். 1844-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குருவாகிய துப்புயி, பெண் கல்விக்கென உள்நாட்டுப் பெண் துறவியர் சபை ஒன்றை நிறுவினார். ஆயினும் கொச்சியைச் சுற்றிக் காயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்திருந்த சிற்றூர்களை அந்த ஒளி இன்னும் எட்டவில்லை.

இளமையில் நேர்ந்த இழப்பு

1847-ஆம் ஆண்டில் எலீஸ்வாவுக்குத் திருமணம் நடைபெற்றது. கணவர் கூனம்மாவு என்னும் ஊரைச் சேர்ந்த வாகயில் குடும்பத்து வத்தரு. கூனம்மாவு, கொச்சிக்கு வடக்கே வடபறவூர் செல்லும் வழியில் உள்ளது. 1850-ஆம் ஆண்டில் அவர்களுக்கு அன்னா என்னும் பெண் குழந்தை பிறந்தது. அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. மறு ஆண்டே வத்தரு நோயுற்று இறந்தார். ஏறத்தாழ இருபது வயதில், கைக்குழந்தையுடன் எலீஸ்வா தனித்து நின்றார்.

இளம்பெண் இவ்வாறு வாழ்நாள் முழுவதும் தனித்திருத்தல் ஆகாது என்று உறவினர் கருதினர். மறுமணம் செய்துகொள்ளுமாறு மீண்டும் மீண்டும் வற்புறுத்தினர். அவர்கள் சமயத்தில் அதற்குத் தடை ஏதும் இல்லை. ஆயினும் எலீஸ்வா இசையவில்லை. அது துயரத்தால் விளைந்த பிடிவாதமன்று. தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ளும் துணிவு. பெண்ணின் வாழ்க்கையைப் பிறரே முடிவு செய்த காலத்தில் அத்துணிவு எளிதில் வாய்க்கக்கூடியதன்று.

வீட்டுப் பணிகளை முடித்தபின் எலீஸ்வா ஒரு சிறு குடிலில் தனித்திருந்து இறைவனை வேண்டினார். ஏழைகளின் துயர் துடைப்பதில் ஈடுபட்டார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அக்காலத்தில் மகள் அன்னா வளர்ந்தார். எலீஸ்வாவின் தங்கை திரேசாவும் அக்காளின் வாழ்க்கை முறையால் ஈர்க்கப்பட்டு அவருடன் வந்து சேர்ந்தார். அக்காள், தங்கை, மகள் ஆகிய மூவரும் ஒரே நோக்கில் வாழத் தலைப்பட்டனர்.

மூங்கில் பாயால் ஒரு மடம்

அந்நாளில் கேரளத்தில் உள்நாட்டுப் பெண்களுக்கெனத் துறவியர் சபை எதுவும் இல்லை. துறவு வாழ்வை விரும்பிய ஆண்களுக்கு வழி இருந்தது, பெண்களுக்கு இல்லை. எலீஸ்வா தம் விருப்பத்தை, கூனம்மாவில் பணியாற்றிய லெயோபோல்டு பெக்காரோ என்னும் இத்தாலியக் குருவிடம் தெரிவித்தார். அவர் கார்மேல் சபையைச் சேர்ந்த துறவி. அவர் இவ்விருப்பத்தை வராப்புழைப் பேராயராகிய பெர்னார்தின் பச்சினெல்லியிடம் எடுத்துச் சென்றார். பேராயர் இசைவளித்தார்.

அப்போது கூனம்மாவில் குரியாக்கோசு எலியாசு சாவறை என்னும் புகழ்பெற்ற குருவும் வாழ்ந்தார். கோயில்தோறும் பள்ளிக்கூடம் அமைய வேண்டும் என்று உழைத்த சான்றோர் அவர். புதிய முயற்சிக்கு அவருடைய துணையும் வழிகாட்டுதலும் கிடைத்தன.

1866-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் கூனம்மாவில் பெண்களுக்கான கார்மேல் மூன்றாம் சபை தொடங்கப்பெற்றது. அதற்கெனக் கல்லால் கட்டிய மாளிகை எதுவும் இல்லை. மூங்கிலைக் கீறிப் பின்னிய பாயை மலையாளத்தில் பனம்பு என்பர். அப்பாய்களையே சுவராக நிறுத்தி எளிய இல்லம் ஒன்று அமைக்கப்பட்டது. மக்கள் அதனைப் பனம்பு மடம் என்று அழைத்தனர். கேரளத்தின் முதல் உள்நாட்டுப் பெண் துறவியர் சபை அந்த மூங்கில் பாய்களுக்கிடையே பிறந்தது. எலீஸ்வா அதன் தலைவியாகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டில் நிலையான மடம் ஒன்று எழுந்தது.

சிறுமியர்க்குத் திறந்த கதவு

எலீஸ்வாவும் அவருடைய துணைவியரும் மடத்திற்குள் அமர்ந்து வழிபடுவதோடு மனநிறைவு அடையவில்லை. 1868-ஆம் ஆண்டில் சிறுமியர்க்கெனப் பள்ளி ஒன்றையும், அவர்கள் தங்கிப் பயில விடுதி ஒன்றையும் கூனம்மாவில் தொடங்கினர். கேரளத்தில் கன்னியர் மடம் நடத்திய முதல் பெண்கள் பள்ளி இதுவே.

பெண் கல்விக்கு மடம் ஏன் தேவைப்பட்டது? இவ்வினாவிற்கு அக்காலச் சமூக நிலையே விடை தருகிறது.

முதலாவதாக, ஆண்கள் கற்பிக்கும் பள்ளிக்கு மகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண்களே வாழ்ந்து பெண்களே நடத்தும் இடம் என்றால் அவர்களுடைய அச்சம் நீங்கும். இரண்டாவதாக, கற்பிக்கப் பெண் ஆசிரியர்கள் கிடைப்பது அரிது. திருமணமான பெண்கள் குடும்பப் பொறுப்பை விட்டு வர இயலாது. மடத்துப் பெண்களோ தங்கள் வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கு அளிக்க முடிந்தது. ஒருவர் மூப்படைந்தால் அவரிடம் பயின்ற மற்றொருவர் அவ்விடத்தை நிரப்புவார். எனவே பள்ளி ஒருவருடைய ஆயுளோடு முடிந்துவிடவில்லை. மூன்றாவதாக, இப்பகுதி ஆறுகளும் காயல்களும் பிரித்துவைத்த நிலம். மழைக்காலத்தில் நாள்தோறும் படகில் வந்து செல்வது சிறுமியர்க்குக் கடினம். விடுதி இருந்தமையால் தொலைவில் உள்ளோரும் கல்வி பெற முடிந்தது.

எழுத்தும் எண்ணும் சமய அறிவும் அங்குக் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு தையல், பின்னல் முதலிய கைத்தொழில்களிலும் சிறுமியர் பயிற்சி பெற்றனர். கைத்தொழிலைச் சிறிய செய்தியாகக் கருதுதல் கூடாது. தன் கைகளால் பொருளீட்டத் தெரிந்த பெண், பிறர் தயவை முழுதும் நம்பி வாழ வேண்டியதில்லை. இளமையிலேயே கணவரை இழந்த எலீஸ்வா, பெண்ணுக்குத் தற்சார்பு எத்துணை இன்றியமையாதது என்பதைத் தம் வாழ்வில் அறிந்தவர். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும் மடம் அடைக்கலம் அளித்தது.

கையை விட்டுப் போன மடம்

மடத்தின் வரலாற்றில் பெரும் சோதனை ஒன்று குறுக்கிட்டது. அக்காலத்தில் கேரளக் கத்தோலிக்கரிடையே இலத்தீன் மரபு, சிரியன் மரபு என இரு வழிபாட்டு மரபுகள் இருந்தன. நம்பிக்கை ஒன்றே, வழிபடும் முறைகள் வேறு. கூனம்மாவு மடத்தில் இரு மரபைச் சேர்ந்த பெண்களும் உடன்பிறந்தார்போல் ஒன்றாக வாழ்ந்தனர். 1887-ஆம் ஆண்டில் இவ்விரு மரபினர்க்கும் தனித்தனித் திருச்சபை ஆட்சி அமைக்கப்பட்டது. அப்பிரிவினை மடத்தின் வாயிலையும் வந்தடைந்தது.

கூனம்மாவு மடம் சிரியன் மரபினர்க்கு உரியதாயிற்று. எலீஸ்வா இலத்தீன் மரபைச் சேர்ந்தவர். தாமே தொடங்கி, இருபத்து நான்கு ஆண்டுகள் கட்டிக் காத்த இல்லத்தை விட்டு அவர் வெளியேற வேண்டியதாயிற்று. 1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் மகள் அன்னாவுடனும் தங்கை திரேசாவுடனும் அவர் கூனம்மாவிலிருந்து புறப்பட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பதாம் வயது நடந்துகொண்டிருந்தது.

இருபது வயதில் கணவரை இழந்தவர், முதுமையின் வாயிலில் தாம் உருவாக்கிய மடத்தையும் இழந்தார். பெரும்பாலோர்க்கு அத்துடன் பொதுவாழ்வு முடிந்திருக்கும். எலீஸ்வாவுக்கோ அங்கிருந்து அடுத்த பணி தொடங்கியது.

வராப்புழையில் புதிய தொடக்கம்

கூனம்மாவுக்குத் தெற்கே, பெரியாற்றின் கரையில் வராப்புழை உள்ளது. பேராயர் லெயோனார்டு மெல்லானோ எலீஸ்வாவுக்கும் உடன் வந்தோர்க்கும் அங்கு இடம் அளித்தார். 1890-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் வராப்புழையில் புதிய மடம் தொடங்கப்பெற்றது. புனித யோசேப்பின் பெயரால் அம்மடம் அமைந்தது. கூனம்மாவை விட்டு வந்து இரண்டு திங்கள்கூட நிறைவுபெறவில்லை.

புதிய இடத்திலும் துறவு வாழ்வும் கல்விப் பணியும் தொடர்ந்தன. இளம்பெண்கள் வந்து சேர்ந்தனர். எலீஸ்வா அவர்களுக்குத் தாயாகவும் ஆசிரியராகவும் விளங்கினார். பின்னும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் அங்கு வாழ்ந்தார். 1913-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், தம் எண்பத்தோராம் வயதில் வராப்புழை மடத்தில் காலமானார். அவருடைய கல்லறையும் அவ்வூரிலேயே உள்ளது.

விழுது விட்ட ஆலமரம்

எலீஸ்வா விட்டுச் சென்ற கூனம்மாவு மடம் அழியவில்லை. அங்கிருந்த சகோதரியர் பணியைத் தொடர்ந்தனர். அவர்களின் வழியில் கார்மேல் அன்னை சபை வளர்ந்தது. வராப்புழையில் தொடங்கிய புதிய மடத்திலிருந்து தெரேசிய கார்மேல் சபை வளர்ந்தது. ஒரு விதையிலிருந்து இரண்டு மரங்கள் தோன்றின. பிரிவு துயரம் தந்தது உண்மை. எனினும் அத்துயரத்தின் இரு கரைகளிலும் பள்ளிகள் எழுந்தன.

கொச்சியைச் சுற்றிப் பிற சபையினரும் இவ்வழியில் நடந்தனர். 1887-ஆம் ஆண்டில், சென்னையில் பிறந்தவரும் லீமா நகர்ப் புனித ரோசாவின் பெயரைத் துறவுப் பெயருடன் இணைத்துக்கொண்டவருமான அன்னை தெரேசா, எர்ணாகுளத்தில் புனித தெரேசா மடத்தையும் பள்ளியையும் நிறுவினார். கொல்கத்தாவில் பணியாற்றிய அன்னை தெரேசா வேறு, இவர் வேறு. பிறந்த ஊரை விட்டு வந்து, வந்த ஊரைத் தம் ஊராகக் கொண்டவர் இவர். அந்த வளாகத்தில் 1925-ஆம் ஆண்டில் தோன்றிய புனித தெரேசா கல்லூரி, பழைய கொச்சி நாட்டின் முதல் மகளிர் கல்லூரி ஆகும். 1889-ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து வந்த கனோசியச் சபைத் துறவியர் கொச்சிக் கோட்டையில் புனித மரியா பள்ளியைத் தொடங்கினர்.

கேரளத்தின் பெண் கல்வி வளர்ச்சிக்குக் கன்னியர் மடங்கள் மட்டுமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. திருவிதாங்கூர், கொச்சி அரசுகள் பள்ளிகளை அமைத்தன. சீர்திருத்தச் சபையினரும் பள்ளிகள் கண்டனர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்க வேண்டும் என்று அய்யன்காளி போராடினார். கல்வியால் உயருமாறு நாராயண குரு மக்களுக்கு அறிவுறுத்தினார். பலர் கூடி இழுத்த தேர் அது. அத்தேரின் வடம் பிடித்த முதல் பெண்களுள் எலீஸ்வாவும் ஒருவர்.

2025-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், கொச்சியை அடுத்த வல்லார்பாடம் திருத்தலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு அருளாளர் என்னும் நிலையை அளித்தது. சமயத்தார் அவரை வணங்கத்தக்கவராகப் போற்றுகின்றனர். கல்வியை மதிக்கும் எவரும் அவரை நன்றியோடு நினைக்கலாம்.

கூனம்மாவில் பனம்பு மடம் எழுந்தபோது, பள்ளிப் பையுடன் தெருவில் நடக்கும் சிறுமி அரிய காட்சி. இன்று கொச்சங்காடித் தெருவில் அக்காட்சியை எவரும் நின்று நோக்குவதில்லை. அது அவ்வளவு இயல்பாகிவிட்டது. அவ்வாறு இயல்பாக்கியதே எலீஸ்வா போன்றோரின் வெற்றி.

சொல்லும் பொருளும்

கைம்பெண் – கணவரை இழந்த பெண்
கடற்கழி – நிலத்தை ஊடறுத்துச் செல்லும் கடல்நீர்ப் பகுதி
காயல் – கடலை ஒட்டிய நீர்ப்பரப்பு
எழுத்தாணி – ஓலையில் எழுத உதவும் கூரிய கருவி
இசைவு – உடன்பாடு
தலைப்பட்டனர் – தொடங்கினர்
தற்சார்பு – தன்னையே சார்ந்து நிற்றல்
அடைக்கலம் – புகலிடம்
திங்கள் – மாதம்
வடம் – தேர் இழுக்கும் பெருங்கயிறு

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. எலீஸ்வா பிறந்த ஊர் ________.
2. மூங்கிலைக் கீறிப் பின்னிய பாயை மலையாளத்தில் ________ என்பர்.
3. கூனம்மாவில் சிறுமியர்க்கெனப் பள்ளி தொடங்கிய ஆண்டு ________.
4. எலீஸ்வாவின் தங்கை பெயர் ________.

ஆ. பொருத்துக.
1. புனித தெரேசா கல்லூரி – 1842
2. வராப்புழை மடம் – 1889
3. கொச்சிக் கோட்டைப் புனித மரியா பள்ளி – 1925
4. சென்னையில் பிரசென்டேசன் சபைத் துறவியரின் பணி – 1890

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. எலீஸ்வா மறுமணத்திற்கு இசையாததை ஆசிரியர் எவ்வாறு விளக்குகிறார்?
2. பனம்பு மடம் என்னும் பெயர் ஏன் ஏற்பட்டது?
3. எலீஸ்வா கூனம்மாவை விட்டு வெளியேற நேர்ந்தது ஏன்?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. அக்காலத்தில் பெண் கல்விக்கு மடமும் விடுதியும் தேவைப்பட்ட காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. எலீஸ்வா இருமுறை இழந்தவை யாவை? ஒவ்வொரு முறையும் அவர் என்ன செய்தார்?

உ. பிரித்து எழுதுக.
பனையோலை, கைத்தொழில், கல்லறை, வழிகாட்டுதல்

ஊ. செயல்பாடு
உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு அறிக: அவர்கள் எந்த ஊரில், எந்த வகுப்புவரை பயின்றனர்? பள்ளியை விட நேர்ந்திருந்தால் அதன் காரணம் என்ன? அறிந்தவற்றைப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.